ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா? பழைய கேமிங் கம்ப்யூட்டரில் எதை முதலில் மாற்றுவது

என் அத்தை மகன் ரைசன் 5 1600 ப்ராசஸரும் ஜிடிஎக்ஸ் 1060 கார்டும் வைத்திருந்தான். 8 ஜிபி ராம், அதுவும் ஒரே குச்சி. வாலரண்ட் கேமில் நாலு பேர் ஒரே இடத்தில் கூடினாலே திரை திக்கியது. சேர்த்து வைத்த காசு முழுவதையும் போட்டு ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கி மாட்டினான். வாலரண்டில் ஃபிரேம், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, பத்துகூட ஏறவில்லை, திக்கலும் போகவில்லை. கார்டில் எந்தக் குறையும் இல்லை. அது பாதி நேரம் வேலை வராமல் காத்திருந்தது. திணறியது ப்ராசஸரும் அந்த ஒற்றை ராமும்தான். வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் அளந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் எந்தக் கார்டு நல்லது என்பதை முதலில் சொல்லப்போவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எது தடையாக நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் தொடங்குகிறேன். உதாரணத்துக்கு, 2018க்கும் 2021க்கும் இடையில் நிறையப் பேர் வாங்கிய ஒரு செட்டை எடுத்துக்கொள்வோம்: ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1650, 8 ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 1080பி மானிட்டர். உங்களிடம் இன்டெல் இருந்தாலும் வழி இதேதான். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பற்றிய பகுதி மட்டும் மாறும்.

ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது

பரோட்டாக் கடையில் ஒருவர் மாவு வீசுவார், இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பார். வீசுபவர் மெதுவாக இருந்தால் கல்லை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் பரோட்டா வேகமாக வராது. ப்ராசஸர் வீசுபவர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அதை வாங்கி வரைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடிதான். இரண்டு பேரில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் உங்கள் வேகம்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷனைக் கூட்டினால் கார்டின் வேலை கூடும், ப்ராசஸரின் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். 4கேயில் விளையாடுபவருக்கு ப்ராசஸர் கொஞ்சம் பழசானாலும் தெரியாது. 1080பியில், நொடிக்கு 240 முறை படம் மாற்றும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்து விளையாடுபவருக்கு அதே ப்ராசஸர் கழுத்தைப் பிடிக்கும்.

முதல் படி: அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதோடு ரிவாட்யூனரும் வரும். பெயரில் எம்எஸ்ஐ என்று இருந்தாலும் எந்த நிறுவனத்தின் கார்டிலும் வேலை செய்யும். விளையாடும்போதே திரை ஓரத்தில் இவற்றைக் காட்டும்படி வையுங்கள்: ஃபிரேம் எண்ணிக்கை, கார்டின் பயன்பாட்டுச் சதவீதம், கார்டின் சொந்த நினைவகமான வி-ராம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ப்ராசஸர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலை வரிசைகளான திரெட்டுகள் ஒவ்வொன்றின் பயன்பாடும் தனித்தனியாக, ராம் பயன்பாடு, ப்ராசஸர், கார்டு இரண்டின் வெப்பநிலை. கேமில் ஃபிரேம் எண்ணிக்கையைக் கட்டிப்போடும் விசிங்க், ஃபிரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை இயங்கிக்கொண்டிருந்தால் அளவு பொய் சொல்லும்.

இனி நீங்கள் அதிகம் விளையாடும் கேமை, அது அதிகம் திக்கும் இடத்தில், பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். பயிற்சி மைதானத்தில் நின்று பார்ப்பதில் பயனில்லை. நிஜமான ஆட்டம் வேண்டும்.

கார்டின் பயன்பாடு 95 முதல் 99 சதவீதத்திலேயே நின்றால் கார்டுதான் தடை. 60, 70 என்று இறங்கி ஏறிக்கொண்டே இருந்தால் ப்ராசஸர் அல்லது ராம் தடை.

நிறையப் பேர் சறுக்குவது ப்ராசஸர் எண்ணைப் படிப்பதில். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 40 சதவீதம்தான் என்று பார்த்துவிட்டு, "ப்ராசஸர் சும்மாதானே இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரைசன் 5 2600இல் 12 திரெட் இருக்கின்றன. ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதமாகத்தான் தெரியும். பெரும்பாலான கேம்களின் மையமான வேலை ஒன்றிரண்டு திரெட்டுகளில்தான் நடக்கிறது. அந்த ஒன்று முட்டி நின்றால் மற்ற பதினொன்றும் ஓய்வில் இருந்தாலும் ஃபிரேம் ஏறாது. ஆகவே மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு, கார்டின் பயன்பாட்டை நம்புங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு சோதனை. ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள், அல்லது கேமில் ரெண்டர் ஸ்கேலை 50 சதவீதமாக்குங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். ஃபிரேம் எகிறினால் தடை கார்டு. துளியும் ஏறவில்லையா, கார்டின் சுமையைக் குறைத்தும் பயனில்லை என்றால் ப்ராசஸர் பக்கம்தான் பிரச்சினை. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

மூன்றாவது, வி-ராம். சராசரி ஃபிரேம் நன்றாக இருந்து, திரும்பும்போதும் புது இடத்துக்குள் நுழையும்போதும் மட்டும் வெட்டினால், சுவர்களின் படம் மங்கலாக வந்து பிறகு தெளிந்தால், அந்தப் படங்களின் தரமான டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி மட்டும் இறக்கிப் பாருங்கள். வெட்டு நின்றால் வி-ராம் போதவில்லை. 4 ஜிபி மட்டும் உள்ள ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்கள் இதைப் புதிய கேம்களில் கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட இதே தாள் வேண்டும். இணையத்தில் இரண்டு பெயரைக் கொடுத்தால் "இத்தனை சதவீதம் பாட்டில்நெக் (தடை)" என்று சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன. அவற்றை நம்பாதீர்கள். எந்தக் கேம், எந்த ரெசல்யூஷன், என்ன அமைப்பு என்பதைப் பொறுத்துத் தடை மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பெயரை வைத்து அதை ஒரே எண்ணில் சொல்ல முடியாது.

இரண்டாம் படி: காசில்லாமல் ஏறுவதை முதலில் ஏற்றுங்கள்

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ராமின் வேகம் தெரியும். 3200 என்று எழுதிய ராம் வாங்கி, அது 2133 அல்லது 2400இல் ஓடிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினால் போதும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே வகையில் இன்னொன்று போட்டு 16 ஜிபி ஆக்குங்கள். அப்போது இரண்டு பாதையில் தரவு போகும் இரட்டைச் சேனலில் ஓடும், ரைசனுக்கு இது பெரிய உதவி. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தான் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60லேயே விடப்பட்டிருக்கலாம், அதையும் பாருங்கள். கேபினட்டைத் திறந்து தூசியை ஊதுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தூசிக்கும் வெயிலுக்கும் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய நாலு வருஷத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். ப்ராசஸர் 95 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால், முதலில் மாற்ற வேண்டியது பேஸ்ட்டைத்தான்.

இதையெல்லாம் முடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிரச்சினை இங்கேயே தீர்ந்தவர்களும் உண்டு.

மூன்றாம் படி: ப்ராசஸர் என்றால், சாக்கெட் எவ்வளவு இடம் கொடுக்கிறது

ப்ராசஸரைத் தேர்ந்தெடுப்பது பாதி உங்கள் கையில், மீதி உங்கள் மதர்போர்டின் கையில்.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நல்ல காலம். 2017இல் வந்த முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை ஒரே சாக்கெட். பி450 போர்டுகள் பயாஸைப் புதுப்பித்தால் 5000 வரிசையை ஏற்கும். 2022இல் ஏஎம்டி ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் வழி திறந்துவிட்டது, ஆனால் அது போர்டு தயாரித்தவர் பயாஸ் வெளியிட்டாரா என்பதைப் பொறுத்தது. போர்டின் சரியான மாடல் பெயரைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, அது ஏற்கும் ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். கடைக்காரர் "போடலாம்" என்று சொல்வது மட்டும் போதாது.

நம் உதாரணச் செட்டுக்கு நான் சொல்வது ரைசன் 5 5600. 65 வாட்தான், கூலரும் பெட்டியிலேயே வரும். 2600இலும் ஆறு கோர், 5600இலும் ஆறு கோர்தானே என்று தோன்றலாம். வேறுபாடு உள்ளே இருக்கிறது. 3600 வரை கோர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தன, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு வேக நினைவகம். ஒரு கூட்டம் மற்றதிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் சுற்றிப் போக வேண்டும். 5600இல் ஆறு கோரும் 32 எம்பி எல்3 கேஷை ஒன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. கேம்களில் இது நேரடியாகத் தெரிகிறது.

இன்னும் மேலே போக 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இருக்கின்றன. 8 கோர், 96 எம்பி எல்3 கேஷ். கேம் கேட்கும் தரவு தூரத்திலிருக்கும் ராமுக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடைப்பதால் அந்த மோசமான வெட்டுகள் குறையும். நல்ல விலைக்குக் கிடைத்தால் ஏஎம்4இல் இதுதான் கடைசிப் படி, அதற்கு மேல் அந்தப் போர்டில் எதுவும் யோசிக்க வேண்டாம். இவற்றுக்குப் பெட்டியில் கூலர் வராது. நல்ல ஏர் கூலருக்கும் காசு ஒதுக்குங்கள்.

பெயரில் ஏமாறாதீர்கள். 5500 என்பது 5600இன் கொஞ்சம் மெதுவான தம்பி என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் எல்3 கேஷ் 16 எம்பிதான், கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇயும் 3.0தான். 5600ஜி அப்படியே. 5700 என்று எக்ஸ் இல்லாமல் வருவதிலும் 16 எம்பிதான், 5700எக்ஸில் 32 எம்பி. ஒரு எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசம். சில நூறு ரூபாய் மிச்சம் என்று இவற்றைக் கேமிங்குக்கு வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்டெல் பக்கம் கதை கொஞ்சம் கடினம். 6, 7ஆம் தலைமுறையும் 8, 9ஆம் தலைமுறையும் ஒரே எல்ஜிஏ 1151 என்று சொன்னாலும் ஒன்றின் போர்டில் மற்றது வேலை செய்யாது. 10, 11க்கு எல்ஜிஏ 1200. அதிலும் எச்410, பி460 போர்டுகள் 11ஆம் தலைமுறையை ஏற்பதில்லை. 12, 13, 14க்கு எல்ஜிஏ 1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851.

எல்ஜிஏ 1700 போர்டில் ஐ3-12100எஃப் வைத்திருப்பவர் ஐ5-12400எஃப் அல்லது 13400எஃப் போடலாம். எச்610 போன்ற விலை குறைந்த போர்டில் கே எழுத்துள்ள ப்ராசஸரைப் போடாதீர்கள். அவ்வளவு மின்சாரத்தை அந்தப் போர்டின் மின்பகுதி நீண்ட நேரம் தாங்காது. 13, 14ஆம் தலைமுறையின் உயர்ரக ப்ராசஸர்களில் மின்னழுத்தக் கோளாறால் கிராஷ் ஆகும் பிரச்சினை இருந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோட் திருத்தங்கள் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அவற்றைப் பழையதாக வாங்குபவர்கள் பயாஸ் புதுப்பிக்காமல் ஓட்டிய ப்ராசஸரா என்று கேட்டே தீர வேண்டும். ஒருமுறை சேதமானால் மைக்ரோகோட் அதைச் சரி செய்யாது.

ஐ7-7700, ஐ5-9400எஃப் போன்றவை வைத்திருந்தால் அந்தப் போர்டில் புதிதாகக் காசு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய ஐ7களின் செகண்ட் ஹேண்ட் விலை அவற்றின் தகுதிக்கு அதிகமாகவே நிற்கிறது. போர்டும் ப்ராசஸரும் சேர்த்து மாற்றுங்கள். டிடிஆர்4 ராம் கையில் இருந்தால், அதை ஏற்கும் பி660 போர்டும் 12400எஃபும், அல்லது பி550 போர்டும் 5600உம் போதும். 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியதிலிருந்து, இருக்கிற ராமைக் காப்பாற்றும் இந்த வழிக்கு மதிப்பு கூடிவிட்டது. எல்லாவற்றையும் புதிதாக வாங்கும் வசதி இருந்தால் ஏஎம்5 நல்லது. அது டிடிஆர்5 மட்டும்தான் ஏற்கும், ஆனால் அடுத்த ப்ராசஸரை அதே போர்டில் போட இடம் இருக்கும்.

விண்டோஸையும் மறக்க வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11இன் பட்டியலில் இன்டெல் 8ஆம் தலைமுறையும் ரைசன் 2000 வரிசையும்தான் தொடக்கம், ரைசன் 5 1600 அதில் இல்லை. விண்டோஸ் 11இல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும்.

நான்காம் படி: கார்டு என்றால், வி-ராமையும் லேனையும் பாருங்கள்

கார்டுகளைப் பற்றிய பேச்சு எப்போதும் சராசரி ஃபிரேமிலேயே நிற்கிறது. பழைய கம்ப்யூட்டரில் மாட்டுபவர் வேறு இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பிசிஐஇ லேன், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் தடங்கள். பி450 போர்டில் பிசிஐஇ 3.0தான், 4.0இன் பாதி வேகம். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, 5060 டிஐ எல்லாம் 8 லேன் மட்டும் உள்ளவை. பழைய போர்டில் இவை கொஞ்சம் இழக்கும், பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 8 ஜிபி வி-ராம் நிரம்பி வழிந்தால், வழியும் தரவு அந்தக் குறுகிய பாதையில்தான் போய் வர வேண்டும். அப்போது வெட்டு கடுமையாகும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் 4 லேன், 4 ஜிபிதான். பிசிஐஇ 3.0 போர்டில் அது மிக மோசமாகச் சரியும். பி450 வைத்திருப்பவர்கள் அதை எந்த விலைக்கும் தொட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகியவற்றில் 16 லேன் முழுதாக உண்டு, பழைய போர்டுக்கு அது நிம்மதி.

இரண்டாவது, வி-ராம். 1080பிக்கு இன்று 8 ஜிபி குறைந்தபட்சம். நாலைந்து வருஷம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 12, 16 ஜிபிக்குப் போங்கள். ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கிறார்கள் என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்குங்கள். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060க்கு 12 ஜிபி வகையும், அதைவிடக் குறுகிய மெமரி பஸ் கொண்ட 8 ஜிபி வகையும் இருக்கின்றன. புதிதாக ஒரு கார்டு, நீண்ட நாள் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் விலை பார்க்கச் சொல்வது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியைத்தான். 160 வாட்தான் இழுக்கும், 16 லேனும் இருக்கிறது. கையைக் கடித்தால் ஆர்எக்ஸ் 6600. 132 வாட், 8 ஜிபி. ஜிடிஎக்ஸ் 1650இலிருந்து வருபவருக்கு அதுவே பெரிய தாவல்.

இன்டெலின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருவதால் கண்ணைக் கவரும். ஆனால் அதன் டிரைவர் ப்ராசஸரிடம் அதிக வேலை வாங்குகிறது, கார்டின் முழு வி-ராமையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதியும் கட்டாயம் வேண்டும். ரைசன் 5 2600உடன் அதைச் சேர்க்க வேண்டாம்.

பழைய ஜிடிஎக்ஸ் கார்டுகளைச் செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தியது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பருக்கு டிரைவர் வருகிறது, ஆனால் அதில் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் கேமும் அந்த வன்பொருள் உள்ள கார்டைக் கேட்கின்றன.

சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் பற்றி ஒன்று. 1080பியில் குவாலிட்டி முறையில் டிஎல்எஸ்எஸ் போட்டால் கார்டு உண்மையில் 720பியில்தான் வரைகிறது. கார்டுக்குச் சுமை குறையும், ஆனால் தடை ப்ராசஸர் பக்கம் நகர்ந்துவிடும். ப்ராசஸர்தான் தடை என்று அளந்தவர்களுக்கு இதனால் ஒன்றும் கிடைக்காது. இடையில் செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். அடியில் 30 ஃபிரேம்தான் ஓடுகிறது என்றால் மவுஸை நகர்த்தும்போது கை அந்த 30ஐத்தான் உணரும்.

ஐந்தாம் படி: எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், கேபினட்

ஜிடிஎக்ஸ் 1650 அதிகபட்சம் 75 வாட் கார்டு. நிறைய மாடல்களுக்குத் தனி மின்கேபிளே தேவையில்லை, ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் கேபிள் இருக்கிறதா என்று இதுவரை பார்த்திருக்கவே மாட்டீர்கள். இப்போது திறந்து பாருங்கள். இல்லை என்றால் மோலெக்ஸ் அடாப்டரில் ஒட்டுப் போடாதீர்கள், உருகி எரிந்த கேபிளை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். கேபினட்டோடு இலவசமாக வந்த "450 வாட்" பெட்டியை நம்பிப் புதுக் கார்டை மாட்ட வேண்டாம். பக்கவாட்டுத் தாளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கும் வாட்.

ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றுக்கு நல்ல 550 வாட் தாராளம். 304 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 750 வாட் வாங்குங்கள். கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய கேபிளைப் புதிதில் சொருகவே கூடாது. பின் பொருந்தும், உள்ளே வயரின் வரிசை வேறாக இருக்கும், போர்டோ எஸ்எஸ்டியோ போய்விடும்.

600 விஏ யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதிகம். அது சுமார் 360 வாட்தான் கொடுக்கும். மானிட்டரும் சேர்ந்தால், கரண்ட் போகிற அந்த நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் யூபிஎஸ் கத்திவிட்டு அணைந்துவிடும். பெரிய கார்டுக்குப் போகிறவர் 1000 விஏவுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேபினட்டின் உள் நீளத்தை அளவுகோலால் அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நிமிட வேலை.

ஆறாம் படி: எந்த வரிசையில் வாங்குவது

நம் உதாரணச் செட்டுக்கே சொல்கிறேன். வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவைதான் முக்கியம் என்றால்: முதலில் ராமை 16 ஜிபி ஆக்குங்கள், அடுத்து 5600. கார்டை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். சைபர்பங்க் 2077 போன்ற கதைக் கேம்கள் என்றால்: ராம், எஸ்எம்பிஎஸ், கார்டு, கடைசியில் ப்ராசஸர். 60 ஃபிரேம் போதும் என்பவருக்கு 2600 இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மானிட்டரை 1440பிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் கார்டு வாங்குவதற்கு முன்பே அதை முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் கார்டை இரண்டு முறை வாங்க நேரிடும்.

சென்னை ரிச்சி தெருவிலோ கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வாங்குபவர்கள், முந்தின நாள் இரவே இணைய விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். வரியோடு விலை, பில், வாரண்டி யார் தருவது என்ற மூன்றையும் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். ட்ரே ப்ராசஸர் என்று பெட்டியில்லாமல் தருவது விலை குறைவுதான். ஆனால் அதற்குக் கடைக்காரரின் வாரண்டி மட்டும்தான், பெரும்பாலும் ஒரு வருஷம். பெட்டியில் வருவதற்கு மூன்று வருஷம்.

செகண்ட் ஹேண்ட் கார்டைக் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள். ஜிபியு-இசட் மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். பயாஸை மாற்றி வேறு பெயரில் விற்கும் போலிக் கார்டுகளை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்று இருந்தால் அது வேறு வகை, 570க்குச் சமம். கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் மென்பொருள் 15 நிமிடம் ஓடட்டும். திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் முனகுகிறதா, ஸ்க்ரூவின் மேல் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கார்டில் உள்ளதும் ஒன்றா என்று நிதானமாகப் பாருங்கள். அவசரப்படுத்துபவரிடம் வாங்க வேண்டாம்.

ஏழாம் படி: மாட்டுவது

ப்ராசஸர் மாற்றுபவர் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் திரையே வராது, அப்புறம் பழையதைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். புதுப்பிக்கும் சில நிமிடம் கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

இதற்கும் முன்னால் ஒரு வேலை. விண்டோஸில் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, இருந்தால் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள். ரைசனில் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் ப்ராசஸருக்குள் இருக்கிறது. புதுப் ப்ராசஸரை மாட்டியதும், டிபிஎம்மை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று பயாஸ் கேட்கும். ஆம் என்று சொன்னால், சாவி இல்லாதவரால் தன் டிரைவையே திறக்க முடியாது.

ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் கூலரோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கூலரை மெல்ல இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5இலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கும், அங்கே விரல் படக் கூடாது.

கார்டு மாற்றும்போது, முக்கியமாக என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ மறுபக்கமோ போகும்போது, டிடியு மென்பொருளால் பழைய டிரைவரை சேஃப் மோடில் நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பயாஸைப் புதுப்பித்திருந்தால் அதில் எக்ஸ்எம்பி மறுபடி அணைந்திருக்கும், இயக்குங்கள். ரீசைசபிள் பார் இருந்தால் அதையும் இயக்குங்கள்.

பிறகு அந்தத் தாளை எடுங்கள். அதே கேம், அதே இடம், அதே அமைப்பு. சராசரி ஃபிரேமோடு ஒரு சதவீதக் குறைந்த அளவையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள், திக்கல் தெரிவது அதில்தான். அத்தை மகனின் கம்ப்யூட்டரில் அவன் வாங்கிய 4060ஐ அப்படியே விட்டு, இரண்டு 8 ஜிபி குச்சியும் 5600உம் போட்டோம். அதற்குப் பிறகு அவன் திக்கல் என்று சொல்லி என்னைக் கூப்பிடவில்லை.

கழற்றிய 1600ஐப் புதியது வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே, பின் வளையாமல் வைத்துக் கொடுத்தேன். பயாஸில் ஏதாவது பிசகினால் திரும்ப மாட்டிப் பார்க்க இரண்டு வாரம் அது கையில் இருக்கட்டும். அதற்கப்புறம் பழைய கூலரோடு சேர்த்து விற்றுவிடலாம்.